தொட்டி வற்றிய காலை

எங்கள் ஆலயத்தின் முதல் போதகருக்குப் படம் கிடையாது, குடைதான் உண்டு. நிழற்படம் எடுத்துக்கொள்வது விக்கிரகம் செய்வதற்குச் சமம் என்று அவர் நம்பினார். ஆகையால் அவருக்குப் பின் வந்த போதகர்களெல்லாம் கறுப்புச் சட்டகங்களுக்குள் மீசையோடும் மீசையின்றியும் வரிசையாக வீற்றிருக்க, வரிசையின் தலைமாட்டில் ஓர் ஆணியில் அவருடைய குடை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. துணி எப்போதோ இற்றுப்போய்க் கம்பிகள் தெரிந்தன. எந்த மழைக்கும் உதவாத அந்தக் குடையின் கீழ் நின்றுதான் ஒரு கோடை முழுவதும் நாங்கள் மழைக்காக மன்றாடினோம்.

ஆலயத்தின் ஆண்டுவிழா மலருக்கு ஆதிப் போதகர்களைப் பற்றியும் சபையின் முக்கிய உறுப்பினர்களைப் பற்றியும் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். கல்லூரியில் வரலாறு கற்பித்தவன் என்பது அவர்கள் சொன்ன காரணம். "தொட்டி வற்றுன அற்புதத்தை மறக்காமச் சேத்துருங்க சார். உங்க வீட்டுல நடந்தது, நீங்க எழுதுனாத்தான் பொருந்தும்" என்று செயலாளர் தொலைபேசியில் நினைவூட்டினார். எழுத உட்காருகிறேன். எழுந்து சன்னலருகே போகிறேன். மறுபடியும் வந்து உட்காருகிறேன். அக்காவை அடக்கம் செய்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

காரைக்குடிச் சீமையில் இப்படியொரு சபை எவ்வாறு வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கப்பலில் வந்தது என்பதே விடை. எங்கள் ஊர்க் கணக்கப்பிள்ளை ஒருவர் நகரத்தார் கடையொன்றின் கிளைக்குக் கணக்கெழுத இரங்கூனுக்குப் போனார். அங்கே மிஷனரிமார் பேச்சைக் கேட்டு, ஆற்றில் மூழ்கி எழுந்து, ஞானஸ்நானம் பெற்றவராகத் திரும்பினார். "தேக்கு வாங்கியாரச் சொன்னா, முங்கிட்டு வந்திருக்காகளே!" என்று ஊர் சிரித்ததாம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தம் புன்செயை ஆலயத்துக்கு எழுதிக்கொடுத்து, தெற்கே பனங்காட்டுச் சீமையிலிருந்து ஒரு பிரசங்கியாரை வரவழைத்தார். குடைக்காரர் அவர்தாம்.

எங்கள் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை. வயது வந்து, நம்பிக்கையைத் தன் வாயால் அறிக்கையிட்டு, உச்சி முதல் பாதம் வரை நீரில் மூழ்கி எழ வேண்டும். நெற்றியில் நீர் தெளிப்பதையெல்லாம் நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மூழ்குவதற்கு எங்கே போவது? எங்கள் பக்கத்தில் ஊருணி என்பது குடிக்கும் நீர். எந்தச் சாதிக்காரரும் எந்த மதத்தவரும் அதில் கால் வைக்கமாட்டார்கள். முதல் போதகர் ஊரோடு வழக்காடவில்லை. ஆலயத்தின் பின்புறச் சரிவில் பாதி தரைக்குள்ளும் பாதி தரைக்கு மேலுமாக ஒரு தொட்டி கட்டி, பெரிய வீடுகளின் சுவர்களைப் போலவே முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்பால் பூசினார். ஆலயத்தின் ஓட்டுக்கூரையில் விழும் மழைநீர் தகரக் குழாய்வழி அதில் இறங்கும். அந்த நீரில் மட்டுமே ஞானஸ்நானம் என்பது அவர் விதித்த விதி. ஊரார் தாகத்துக்கு உரிய நீரில் ஒரு குடமும் கலக்கலாகாது. உட்சுவரில் மார்பளவு உயரத்தில் அவர் ஒரு கோடு செதுக்கியிருந்தார். நீர் அந்தக் கோட்டைத் தொட வேண்டும்.

இரண்டாம் போதகரைப் படத்தில் பார்த்தாலே முதுகு நிமிரும். அவர் விதித்த விதி வேறு: ஞானஸ்நானம் பெறாத எவருக்கும் இந்த ஆலயத்தில் திருமணம் நடக்காது. முன்னவரும் பின்னவரும் கலந்து பேசியிருக்க வழியில்லை. ஒருவரைக் குழியில் வைத்த பின்னரே மற்றவர் வந்தார். ஆனால் இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்தால், மழை பொய்த்த ஆண்டில் எங்கள் சபைப் பெண்ணுக்குக் கல்யாணம் இல்லை என்று ஆகும். அப்படிச் சேர்த்துப் படித்த முதல் ஆள் என் அக்கா.

அடுத்தடுத்து மழை தவறிய காலம். தொட்டியின் அடியில் ஓணான் வெயில் காய்ந்தது. அக்கா பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். தொலைவில் உள்ள ஒரு மிஷன் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மணமாகாத பெண்களுக்கு மட்டும்தான் இடம். பயிற்சி தொடங்குவது ஆனியில், பள்ளிக்கூடங்கள் திறக்கும் சமயத்தில். அதே வேளையில் அப்பாவின் தமக்கை, எங்கள் அத்தை, மதுரையிலிருந்து ஒரு மாப்பிள்ளையைப் பற்றிய செய்தியோடு வந்து இறங்கினாள். மில்லில் வேலை, சொந்த வீடு, வைகாசிக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்.

"ஞானஸ்நானம் எடுக்காம எப்படி அத்தை?" என்றாள் அக்கா, மிக அடக்கமாக.

"எடுத்துக்க. யாரு வேணாங்கிறா?"

"தொட்டியில தண்ணி இல்லையே."

"ஊருணியில நாலு வண்டித் தண்ணி எடுத்து ஊத்துனா ஆச்சு. செத்துப்போன போதகரு குடையப் பிடிச்சுக்கிட்டு வந்து கேக்கப்போறாராக்கும்?"

அப்பா ஆசிரியர், சபை மூப்பரும்கூட. செத்துப்போன போதகர் வந்து கேட்பார் என்றே அவர் நம்பினார். விதியை மீறவும் மனமில்லை, தம் தமக்கையை எதிர்க்கவும் துணிவில்லை, மகளின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. இத்தகைய இக்கட்டுகளில் அவர் வேதத்துக்குள் போய்விடுவார். அங்கே ஒரு படைத்தலைவனின் கதை வரும். கடவுள் சொன்னது நிசந்தானா என்று ஐயுற்று, அவன் களத்தில் ஓர் ஆட்டுத்தோலை விரித்து அடையாளம் கேட்டான். முதல் இரவு தரை காய்ந்திருக்கத் தோல் மட்டும் நனைந்தது. அது போதாமல் மீண்டும் கேட்டான். மறு இரவு தோல் காய்ந்திருக்கத் தரையெல்லாம் நனைந்தது. ஞாயிறு வகுப்பில் அக்காதான் எங்களுக்கு இந்தக் கதையைச் சொல்வாள். தோலைப் பிழிந்து கிண்ணத்தில் நீர் வடிப்பதுபோல் கைகளால் காட்டுவாள்.

"பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள தண்ணி கோட்டைத் தொட்டுச்சுன்னா கல்யாணம். தொடலைன்னா நீ படிக்கப் போ ஆத்தா. இது நான் சொல்றது இல்லை, மேலேயிருந்து வர்ற அடையாளம்" என்றார் அப்பா.

"என்னங்க, பிள்ளை வாழ்க்கையைக் கொண்டுபோய் மேகத்துல கட்டுறீகளே?" என்றாள் அம்மா.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அக்கா படிக்கப் போனால் வீட்டில் இருக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தார்கள். கல்யாணம் என்றால் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள் என்றுதான் தெரியும். ஒருவர் போவார் என்று எவரும் சொல்லித் தரவில்லை. ஆகவே நான் மழையின் கட்சி. படுக்கும்போதும் எழும்போதும், ஆலயத்தில் எல்லோரும் முழங்காலிடும்போதும், மழை பெய்யட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினேன். ஒருமுறை வேண்டுதலின் நடுவே கண்ணைத் திறந்து பார்த்தேன். சபையே உதடசைத்துக்கொண்டிருந்தது. அக்காவின் உதடு மட்டும் அசையவில்லை. மனத்துக்குள் வேண்டுகிறாள்போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆலயத்தில் மணியடித்தவர் ஒரு வயதான தச்சர். ஆசாரித் தாத்தா என்போம். கதவுகளும் பெஞ்சுகளும் அவர் செய்தவை. தொட்டியின் வடிகால் துளையை வெளிப்புறமிருந்து அடைக்கும் தேக்குக் கட்டையும் அவர் கடைந்ததே. ஆண்டுதோறும் பங்குனியில் குங்கிலியம் காய்ச்சி அந்தக் கட்டையின் விளிம்பில் பூசுவார். கையில் பட்டால் வாரக்கணக்கில் கறுப்பாக ஒட்டிக்கிடக்கும், எண்ணெய்க்குத்தான் மசியும். அந்த ஆண்டும் பூசியிருந்தார், சொட்டு நீரில்லாத தொட்டிக்கு.

"தாத்தா, மழை வருமா?"

"தெனமும் மணியடிச்சுக் கூப்பிடுறேன்டா. கதவு தொறக்க மாட்டேங்குது. வீட்டுல ஆளு இருக்கோ இல்லையோ!"

"அய்யோ, அப்படிச் சொல்லலாமா?"

"ஒங்கப்பாட்ட சொல்லிராத. அவுக என்னைய முங்கவிட்டது போதாதுன்னு மறுக்கா முக்கிப்புடுவாக."

வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பிற்பகல் வெயிலிலேயே திருக்கோஷ்டியூர்த் திக்கில் வானம் கறுத்தது. காற்று முதலில் புழுதியை வாரிக்கொண்டு வந்தது. பிறகு ஓடுகளின்மேல் கல்லெறிவதுபோல் துளிகள். அதன்பின் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. சபையார் வீடுகளிலிருந்து ஆட்கள் நனைந்துகொண்டே ஆலயத்துக்கு ஓடினார்கள். தகரக் குழாய் உறுமியது. தொட்டிக்குள் முதலில் செந்நிறமாகவும் பிறகு தெளிந்தும் நீர் ஏறியது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். பொழுது சாயும்போது மழை ஓய்ந்தது. அப்பா குனிந்து உள்ளே பார்த்தார். நீர் கோட்டைத் தொட்டிருந்தது.

"தொட்டிருச்சு" என்றார். குரலில் மகிழ்ச்சி இருந்ததா என்பதை இன்றளவும் என்னால் தீர்மானிக்க இயலவில்லை.

அத்தை அங்கேயே கீர்த்தனை ஒன்றைத் தொடங்கினாள். ஞாயிறன்று ஞானஸ்நானம், அடுத்த வாரம் கல்யாணம் என்று நின்ற இடத்திலேயே முடிவாயிற்று. அக்கா பெண்கள் கூட்டத்தில் நின்றாள். கன்னத்தில் நீர் வழிந்தது. "பரிசுத்த ஆவியானவர் தொட்டுட்டாரு" என்று ஒரு பெண்மணி அவள் தோளைத் தடவினாள். மழையில் நின்றவள் முகத்தில் நீர் வழிவது ஏன் பேசப்பட வேண்டும் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் போதகர் மனைவியின் கூக்குரல். "என் கத்தரிப் பாத்தியெல்லாம் மிதக்குதே!" நாங்கள் ஓடிப் பார்த்தபோது தொட்டியின் அடியில் வண்டல்தான் மினுங்கியது. வடிகால் துளை வாயைப் பிளந்திருந்தது. அதன் கட்டை பாத்திச் சேற்றில் கிடந்தது.

ஆசாரித் தாத்தா வந்தார். அவருடைய உளிப்பையை நான்தான் தூக்கிவந்தேன். மண்டியிட்டுக் கட்டையை எடுத்துச் சேற்றை வழித்து, விளிம்பைச் சுற்றிலும் விரலால் தடவினார். பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். அக்கா பின்வரிசையில், கைகளைத் தாவணி முந்தியில் சுருட்டிக்கொண்டு நின்றாள். முந்தைய ஆண்டு உளி பாய்ந்து அவர் பெருவிரல் பிளந்தபோது, வைத்தியர் வரும்வரை காத்திராமல் கட்டுப்போட்டவள் அவள்.

"எங் கட்டைதான்யா மோசம் பண்ணிருச்சு" என்றார் போதகரிடம். "இத்தனை காலம் தண்ணியக் காணாமக் கெடந்தா மனுசனே சுருங்கிப்போறான். கட்டை சுருங்காதா?"

"பர்மாத் தேக்கு சுருங்கவே சுருங்காதுன்னு நீருதானே பெருமை பேசுவீரு?" என்றாள் அத்தை.

"அங்குட்டு இருந்தாச் சுருங்காது தாயி. இங்குட்டு வந்துட்டா எல்லாந்தேன் சுருங்கிப்போகுது."

யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவர் தொட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடியும் தொட்டியைப் பார்த்தார். காலிலிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"நேத்துத் தொட்டி நனைஞ்சது" என்றார் மெல்ல. "இன்னைக்குத் தொட்டி காஞ்சிருக்கு. சுத்தித் தரையெல்லாம் ஈரம்."

போதகருக்கு உடல் சிலிர்த்திருக்க வேண்டும். அவரும் செருப்பைக் கழற்றினார். ஒருவர் பின் ஒருவராகச் சபையே அந்தக் கத்தரிப் பாத்தியில் வெறுங்காலோடு நின்றது.

"தொட்டி ஓட்டைன்னா அடைக்க வேண்டியதுதானே தம்பி? இதுக்கு ஏன் கடவுளை இழுக்குறீக?" என்று அத்தை ஒருத்தி மட்டும் கேட்டாள். அன்று அந்த இடத்தில் அறிவோடு பேசியவள் அவள்தான். அவள் பேச்சு எடுபடவில்லை.

"ரெண்டாம் அடையாளம் வந்த பெறகு கேள்வி இல்லைக்கா. பிள்ளை படிக்கட்டும்" என்றார் அப்பா.

கூட்டம் கலைந்த பின் ஆசாரித் தாத்தா கட்டையைத் துளையில் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தார். அது இலேசில் உள்ளே போகவில்லை. ஓங்கி ஓங்கி அடித்தார், நெற்றி வியர்த்தது. அருகில் நின்ற நான், பெரியவர் இளைத்துப்போய்விட்டார் என்று இரக்கப்பட்டேன். சுருங்கிய கட்டைக்கு அத்தனை அடி எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தால், அடுப்படியில் அக்கா உள்ளங்கையில் நல்லெண்ணெயை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்குகளில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அம்மா அவளுக்கு முதுகைக் காட்டி, கொதிக்காத உலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா கையில?"

அவள் ஒரு கணம் விழித்தாள். "பலாப்பழம் உரிச்சேன்டா."

பலாப்பிசினும் எண்ணெய்க்குத்தான் மசியும்; அந்த அளவுக்கு எனக்கு உலக அறிவு இருந்தது. "எனக்கு எங்கே?"

"தீந்துபோச்சு."

நான் விட்டுவிடவில்லை. குதிருக்குப் பின்னால் தேடினேன். கட்டிலுக்கு அடியில், பரணில், கொல்லைக் குப்பையில் எல்லாம் தேடினேன். சுளை வேண்டாம், ஒரு தோல், ஒரு கொட்டை அகப்படவில்லை. அகப்படாததே எனக்குச் சான்றாயிற்று. ஒரு முழுப் பழத்தைத் தனியாகத் தின்று, தடயமின்றி மறைத்திருக்கிறாள். அவ்வளவு பெரிய துரோகத்தை அதற்குமுன் நான் கண்டதில்லை.

அதன்பின் ஆவணிவரை வானம் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அக்கா ஆனியில் போனாள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவள் பயின்றாள், வெளியூர்களில் வேலை பார்த்தாள், பிற்பாடு காரைக்குடிக்கே வந்து பிரசவ விடுதியில் நிலைத்தாள். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆசாரித் தாத்தா படுக்கையில் விழுந்தபோது விடுப்பெடுத்து வந்து, இறுதிவரை அவருக்குப் பணிவிடை செய்தாள். இன்று சபையில் மூப்பர்களாக அமர்ந்திருப்பவர்களில் சிலரை முதன்முதலில் கையில் வாங்கியவள் அவள். எனினும் எங்கள் தொட்டியில் அவள் இறங்கவே இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறுகளில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து தொடங்கும். ஞானஸ்நானம் பெறாதவர்கள் எழுந்து வெளியே போக வேண்டும். பிள்ளைகள் ஓடுவார்கள். அவர்களோடு, தலை நரைத்த தாதி ஒருத்தியும் எழுந்துபோய் வேம்படியில் உட்கார்ந்திருப்பாள். "ஏன் இன்னும் முங்காம இருக்கீக?" என்று கேட்பவர்களிடம், "அந்தத் தொட்டிக்கும் எனக்கும் ஒரு பேச்சு பாக்கி இருக்கு" என்பாள். கர்வம் என்றார்கள். அப்பா ஒவ்வோர் ஆண்டுவிழாவிலும் எழுந்து நின்று, தொட்டி வற்றிய காலையைச் சாட்சியாகச் சொல்வார். அக்கா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் அந்த நம்பிக்கையோடே கண்மூடினார்.

விதிப்படி அவள் சபையின் உறுப்பினர் அல்லள். ஆகவே முக்கிய உறுப்பினராகவும் இருக்க முடியாது. மலரில் அவளுக்கு இடமில்லை.

சென்ற மாதம் மருத்துவமனையில், ஊசி குத்திய இடத்திலிருந்த பிளாஸ்திரியை மாற்றினார்கள். பசை அவள் கையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. இளம் தாதி ஒருத்தி பஞ்சில் எண்ணெய் தொட்டு அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பலாப்பழம் உரிச்சேன்டா தம்பி."

அவள் சிரிக்க முயன்றாள், மூச்சு இடங்கொடுக்கவில்லை.

"அப்பாட்ட சொல்லிராத."

அப்பா போய் எத்தனையோ காலமாயிற்று. சொல்லமாட்டேன் என்று தலையசைத்தேன். மலருக்கு அவர் சொன்னபடியே எழுதிக் கொடுப்பேன். குடையும், மீசையும், இரண்டு அடையாளங்களும் அதில் இருக்கும். இது மலருக்கு அல்ல.

அவள் படிக்கப் புறப்பட்ட நாளும் நினைவுக்கு வருகிறது. பேருந்து நிற்கும் இடத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். தகரப் பெட்டியை மேலே ஏற்றினார்கள். அம்மா அக்காவின் கைகளைத் தன் கைகளுக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா சன்னலோரம் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். நான் அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "என்னடா கோவம்? வர்றப்ப பழம் வாங்கியாறேன்" என்றாள். வாங்கியும் வந்தாள், ஒவ்வொரு விடுப்புக்கும், பருவமாயின் ஒரு முழுப் பலாவைச் சாக்கில் சுற்றித் தூக்கமாட்டாமல் தூக்கிவந்தாள். தானே உரித்தாள், சுளை ஒன்றையும் தன் வாயில் போட்டுக்கொள்ளாமல் எல்லாவற்றையும் என் தட்டில் வைத்தாள். அன்று பேருந்து நகர்ந்தபோது அவள் கையை வெளியே நீட்டி நெடுநேரம் ஆட்டினாள். அந்தக் கையில் கறுப்பு முற்றிலும் போயிருக்கவில்லை. நான் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு பெரிய பழமாக இருந்திருக்கும் என்று.